மடியில் இருந்த பறவைப் புத்தகம்

தென்காசியைத் தாண்டிக் குற்றாலம் போகும் சாலையில் ஒரு துரை தன் மனைவிக்காகக் கட்டிய மாளிகை, எனக்கு ஒன்பது வயதானபோது வாசகசாலையாகியிருந்தது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், முறுக்கிக்கொண்டு மேலேறும் இரும்புப் படி. குளிருக்கு நெருப்பு மூட்ட அவர் சுவருக்குள் கட்டிய அடுப்பில் பழைய பத்திரிகைகளை அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் என் தாய்மாமா.

அப்பா போலீஸில் ஏட்டு. அவருடைய காக்கிச் சட்டையை வெள்ளைக்காரன் சட்டை என்று மாமா ஒருமுறை சொல்லப்போக, இருவருக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. அம்மா மட்டும் என்னிடம் மாமாவுக்குச் சோறு கொடுத்தனுப்புவாள்.

அந்த ஆடி மாதம் நான் ஒரு குற்றவாளி. பலாச்சுளை தின்ற கையோடு பறவைப் படப் புத்தகத்தைப் புரட்டியதில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது மயிலின் கழுத்து கிழிந்துவிட்டது. வாசகசாலைப் புத்தகத்தைக் கெடுத்தால் போலீஸ் பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் நான் கொண்டுபோன சோற்றை மாமா வாசகசாலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் வந்து நின்றது. எட்டிப் பார்த்த மாமா, எச்சில் கையோடு எழுந்து ஓடி, இடது கையால் அந்தப் பறவைப் புத்தகத்தையே உருவி என் மடியில் திணித்தார்.

“சன்னல்கிட்ட போயி உக்காருட்டி. படம் பாரு. யாரு கேட்டாலும் குடுக்காத.”

மாமாவுக்கும் தெரிந்துவிட்டது, சாட்சியத்தோடு என்னைப் பிடித்துக் கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். அவர் பின்னால் அப்பா. அலமாரிகளிலிருந்து புத்தகங்கள் தொப்தொப்பென்று விழுந்தன. இரும்புப் படியில் பூட்ஸ்கள் ஏறி இறங்கின. ஒவ்வொரு சத்தத்துக்கும் புத்தகத்தை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

“ஏட்டு, அந்தப் பிள்ள கையில என்னன்னு பாரும்.”

அப்பா என் முன்னால் வந்து நின்றார். எனக்கு அழுகை பீறிட்டது. “தெரியாமப் பண்ணிட்டேன்ப்பா.”

அப்பா புத்தகத்தைத் திறந்தார். பக்கங்களுக்கு நடுவே, ஊதா மையில் ‘வந்தே மாதரம்’ என்று தலைப்பிட்ட ஒரு கற்றைத் தாள்கள் இருந்தன. நான் கிழிந்த மயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா முதல் தாளில் இரண்டு வரி படித்திருப்பார். தலை நிமிர்ந்து எதிர்ச் சுவரோரம் நின்ற மாமாவைப் பார்த்தார். மாமாவின் கையில் சோறு காய்ந்துபோயிருந்தது.

“என்னவே அங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்பா புத்தகத்தை மூடினார். “நம்ம பிள்ளதான் ஐயா. பலாப்பழக் கையால படத்தக் கிழிச்சிட்டு அழுவுதா.”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். என்னை வீட்டில் விட்டுவரச் சொல்லி அப்பாவை அனுப்பினார்; புத்தகம் அப்பாவின் கக்கத்தில் இருந்தது.

வாய்க்கால் பாலத்தருகே அப்பா என்னைக் கரையில் நிறுத்தி, கீழே இறங்கினார். தாள்களை உருவிப் பொடிப்பொடியாகக் கிழித்துத் தண்ணீரில் விட்டார்.

“கப்பல் செய்ய எனக்கு ஒண்ணு தாங்கப்பா.”

“வேண்டாம்ட்டி.”

மறுவாரம் மாமா வேலையை விட்டு ஊரைவிட்டே போனார். போகும் முன் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவின் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மா ஏன் அடுக்களைக்குள் போய் அழுதாள் என்று எனக்குப் புரியவில்லை.

அதற்கு முன் வாய்க்கால் கரையிலும் அப்படித்தான், எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசித் துண்டு மிதந்து போன பிறகும் அப்பாவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

“குளிருதாப்பா?” என்றேன்.

“ஆமாட்டி” என்றார்.

அன்று சாரல் இல்லை, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இருந்தும் நான் நம்பினேன்.