கூரை வேலைக்குப் போனவர்

ஜோசெட் வெய்ராக்குக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் செலே ஆற்றுப் பள்ளத்தாக்கில் சைக்கிளில் ஊர் சுற்ற வருகிறவர்களை வைத்துத்தான் அவள் பிழைப்பு. அவர்களுடைய பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். பாறைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஊர்களையும் இடிந்த கோட்டை வாசல்களையும் பார்த்துக்கொண்டு அவர்கள் மாலையில் வேர்த்து வடிய வந்து சேரும்போது, பெட்டி அவர்களுக்கு முன்னால் அறையில் இருக்கும். காசு கொடுத்து மூச்சு வாங்குகிறார்கள் என்பது ஜோசெட்டின் கட்சி. அதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். இளம் வயதில் கல்யாணம் ஒன்று ஆகி, சீக்கிரமே முறிந்தது. புருஷன் துலூஸ் நகரத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்பது ரொட்டிக்கடை, சாராயக்கடை, சர்ச் வாசல் எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் அவள் காதுக்கு வந்தது. இனி இந்தப் பள்ளத்தாக்கில் எந்தச் செய்தியையும் கடைசியாகக் கேட்பவளாக இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவுகட்டியிருப்பாள் போல. யார் வீட்டுப் பசு கன்று போட்டாலும் முதலில் ஜோசெட்டுக்குத் தெரியும். அடுத்த அரை நாளில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு ஜூன் மாதம் வெர்க்கேன் என்ற பெயரில் பதிவான இரண்டு பெட்டிகள் வந்தன. வடக்கே லீல் பக்கத்து ஆட்கள். அவர் அறுபதைத் தாண்டியவர், நெட்டையாக, சிரித்த முகமாக இருந்தார். அந்த அம்மா குள்ளம், வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. முதல் நாள் காலையில், மேட்டில் ஏற முடியாவிட்டால் வேனில் வந்து ஏறிக்கொள்ளும்படி ஜோசெட் கேலி செய்தாள். அவர் தொடையைத் தட்டிக் காட்டிவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம், சாலை ஆற்றை விட்டுப் பாறைமேல் ஏறும் இடத்தில் ஜோசெட் வேனைத் திருப்பினாள். நடுரோட்டில் ஒரு சைக்கிள் கிடந்தது. அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் தலை அவள் மடியில் இருந்தது. மடித்த வரைபடத்தால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்த உடனே ஜோசெட்டுக்கு விளங்கிவிட்டது. விசிறுகிறவளுக்கு இன்னும் விளங்கவில்லை என்பதும் விளங்கியது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும், ஃபிஜாக் ஊரிலிருந்து அது வந்ததும், அவர்கள் அவர் நெஞ்சை அழுத்தியதும், பிறகு அழுத்துவதை நிறுத்தியதும் ஜோசெட்டுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ஒன்று மட்டும் தெளிவு. சைக்கிள் பையிலிருந்து கொட்டி, சரிவில் உருண்டு போன ஆப்ரிகாட் பழங்களை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதற்கென்று தெரியவில்லை. கை தானாகப் பொறுக்கியது. கூடவே வந்த போலீஸ்காரர் அந்த அம்மாவிடம் குனிந்து ஏதோ கேட்டார். தூரத்தில் நின்ற ஜோசெட்டுக்கு அது காதில் விழவில்லை.

ஆம்புலன்ஸின் கதவு சாத்தப்பட்டது. அந்த அம்மா அதில் ஏறவில்லை.

"நீங்க கூடப் போகலையாம்மா?"

"இல்ல."

ஜோசெட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு சைக்கிள்களையும் வேனில் ஏற்றி, அவளையும் ஏற்றி, அன்றைக்கு அவர்கள் தங்க வேண்டியிருந்த ஃபிர்மேனின் விடுதியில் கொண்டுவந்து விட்டாள். ஃபிர்மேன் ஜோசெட்டைவிடச் சின்னவன், இளகின மனசுக்காரன். சூப்பு காய்ச்சி எடுத்துக்கொண்டு போனான். மதாம் வெர்க்கேன், மதாம் வெர்க்கேன் என்று கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டான். கதவு திறக்காததால் சூப்பை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தான்.

காலையில் அந்த அம்மா இறங்கி வந்தபோது சமையலறை வாசலில் ஃபிர்மேனும் ஜோசெட்டும் நின்றிருந்தார்கள். சைக்கிள் உடுப்பும் தொப்பியுமாக வந்தாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதாக ஜோசெட் சொன்னாள்.

"வேணாம். அவர் பெட்டிய ஆஸ்பத்திரியில குடுத்துடுங்க. என்னோடத அடுத்த விடுதியில போட்டுடுங்க."

சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தாள். வால்நட் தோப்பைத் தாண்டி, ஆற்றோரமாக, தென்மேற்கே போய்விட்டாள்.

ஃபிர்மேன் ஆறிப்போன சூப்பைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டினான். பிறகு சொன்னான்: "அக்கா, எங்க கெழட்டு நாய் செத்தப்பகூட நான் ரெண்டு நாள் விடுதிய மூடி வெச்சிருந்தேன்."

ஜோசெட் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. முதலில் ரொட்டிக்கடை, பிறகு தபாலாபீஸ், பிறகு பெட்ரோல் பங்க். ஃபிர்மேனின் நாயையும் சேர்த்தே சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் நெஞ்சில் கைவைத்தார்கள். செத்த புருஷன் உடம்புச் சூடு ஆறுவதற்குள் சைக்கிளில் ஊர் பார்க்கப் போன பொம்பளை என்று மதியத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

ஃபிஜாக் ஆஸ்பத்திரி வாசலில் ஜோசெட் அவருடைய பெட்டியை இறக்கும்போது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்தாள். வெயில் காலத்தில் சாம்பல் நிறக் கோட்டு. உதடு வெளுத்திருந்தது.

"அது என் வீட்டுக்காரர் பெட்டி."

ஜோசெட் இல்லை என்றாள். இது வெர்க்கேன் என்பவருடையது, நேற்று இறந்துபோனவர் என்றாள்.

"ஆமா. போன கிறிஸ்துமஸுக்கு நான்தான் வாங்கிக் குடுத்தேன். நான் எலியான் வெர்க்கேன்."

காலையிலிருந்து தான் சொல்லிக்கொண்டு திரிந்ததெல்லாம் தப்பு என்று ஜோசெட்டுக்கு விளங்கியது. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியைத் திறக்கச் சொன்னாள் எலியான். ஜோசெட் வேன் படியில் வைத்துத் திறந்தாள். மேலே, அடியில் பஞ்சு வைத்துத் தைத்த கறுப்புக் காற்சட்டை ஒன்று மடித்துக் கிடந்தது. எலியான் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"இது என்ன?"

"சைக்கிள் சீட்டு குத்தாம இருக்கப் போட்டுக்குறதும்மா."

"சைக்கிளா? முட்டி வலிக்குதுன்னு என்னோட சந்தைக்குக்கூட நடந்து வர மாட்டார்." அவள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வருஷா வருஷம் ஜூன்ல சிநேகிதன் வீட்டுக் கூரைய சரி பண்ணப் போறேன்னு கிளம்புவார். அந்தக் கூரை இன்னுமா முடியலைன்னு நான் கேலி பண்ணுவேன். பசங்களும் சிரிப்பாங்க."

துணியை முன்பிருந்தது போலவே மடித்து வைத்தாள். பிறகு, அவர் தனியாகவா இருந்தார் என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னால் ஒரு கொலை, ஆமாம் என்று சொன்னால் இன்னொரு கொலை என்று ஜோசெட்டுக்குப் பட்டது. துலூஸ் விஷயத்தில் ஊரே தன்னிடம் பொய் சொன்னது ஞாபகம் வந்தது. இரக்கப்பட்டுத்தான் சொன்னார்கள். அந்த இரக்கத்தை அவள் இன்றுவரை மன்னித்ததில்லை.

"இல்லம்மா. ஒருத்தங்க அவர் தலைய மடியில வெச்சிருந்தாங்க."

எலியான் பெட்டிக்குப் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தாள். வாசலில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

"அவ இப்ப எங்க?"

"ஆத்தோரமா போயிட்டாங்க. சைக்கிள்ல."

"நல்லது," என்றாள் எலியான். "இங்க வராம இருந்தாளே." பெட்டியைத் தானே மூடி, தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜோசெட் இன்னொரு பெட்டியோடு கீழ்நோக்கி ஓட்டினாள். அடுத்த விடுதி ஒரு பழைய ஊரின் வாசல் வளைவுக்குள் இருந்தது. அந்த அம்மா விடுதிக்குள் போகாமல் ஆற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் சொலாஞ்ச் என்று பெட்டிச் சீட்டில் முதல் தடவையாகப் படித்தாள் ஜோசெட். அவர் மனைவி வந்துவிட்டாள் என்றாள்.

"தெரியும். நேத்து போலீஸ்காரர், நீங்க குடும்பமான்னு கேட்டார். தெரிஞ்சவன்னு சொன்னேன். அப்ப வீட்டம்மாவுக்குச் சொல்லியாச்சு, நாளைக்கு ரயில்ல வர்றாங்கன்னார். ரயில் ஏற எனக்கும் அந்த ஃபிஜாக் ஸ்டேஷன், அதை விட்டா காஓர் ஸ்டேஷன்தான். அங்க இறங்குறவங்க முன்னாடி நான் எப்படி நிக்கிறது?"

காஓர் வரை வேனில் கொண்டுபோய் விடுவதாக ஜோசெட் கெஞ்சினாள். அவள் கேட்கவில்லை. இரண்டு நாள் மிதித்துத்தான் போய்ச் சேர்ந்தாள். அந்த இரண்டு நாளும் மேடு வந்த இடத்திலெல்லாம் ஜோசெட் பின்னாலேயே நடை வேகத்தில் வேனை ஓட்டினாள். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. மற்ற பெட்டிகள் எல்லாம் தாமதமாகப் போய், விடுதிக்காரர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். காஓர் ஸ்டேஷனில் சொலாஞ்ச் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜோசெட்டால் தான் பரப்பிய பேச்சைத் திரும்ப அள்ள முடியவில்லை. நடந்ததைச் சொன்னால் அந்தப் பெண்ணின் மானம் போகும், எலியானின் மானமும் போகும். சொல்லாவிட்டால் கல்நெஞ்சுக்காரி என்ற பேர் நிற்கும். அவள் சொல்லவில்லை. வாழ்க்கையில் அவள் அடக்கி வைத்த ஒரே செய்தி அதுதான்.

இன்றைக்கும் ஃபிர்மேன் புதிதாக வருகிற சைக்கிள்காரர்களுக்குச் சாப்பாட்டு மேஜையில் அந்தக் கதையைச் சொல்கிறான். புருஷன் செத்த மறுநாளே தொப்பி போட்டுக்கொண்டு கிளம்பிய மதாம் வெர்க்கேன். நாயும் வரும், சூப்பும் வரும். மேஜையில் எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். பிறகு அவன் வாசலில் நிற்கும் ஜோசெட்டைச் சாட்சிக்கு இழுப்பான்.

"நீயே சொல்லுக்கா, நீதானே பார்த்தே."

"எந்தப் பெட்டி இன்னைக்குப் போகணும்னு காட்டு ஃபிர்மேன்," என்பாள் ஜோசெட்.