இளவரசி மாதிரி ஒரு பதில்

இன்று கரமனையில் என் தங்கை விசாலத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தாலுகா கச்சேரி குமாஸ்தா, இரண்டாம் தாரமாகக் கேட்டு வந்தவர்.

“சமைக்கத் தெரியுமோ?” என்றார்.

“தெரியும். உங்களுக்கு?” என்றாள்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் இளவரசி இப்படித்தான் பேசுவாள்; இளவரசன் சொக்கிப்போவான். அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்து, படித்துப் படித்துச் சிரிப்பாள் விசாலம். அரண்மனைக் கதையெல்லாம் பொய் என்று சண்டை போடுவேன் நான்.

இன்று எனக்கே சிரிப்பு வந்தது. வந்தவர்கள் சொஜ்ஜியைத் தொடாமல் எழுந்துவிட்டார்கள்.

அப்பா கதையை வெந்நீர் அடுப்பில் போட்டார். பத்திரிகையும் இனி வராது.

“அண்ணா, முடிவை மட்டும் யாரிட்டயாவது கேட்டுண்டு வா” என்கிறாள்.

அந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள் முடிவைச் சொல்லுங்கள். இளவரசி வாயை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினாள் என்றால் மட்டும் வேண்டாம். அதை எங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம்.