மடியில் இருந்த பை

போன செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். மடியில் இரண்டு வயது மகள். கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில் அவளை விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும்.

இந்த பஸ்காரர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதலில் அரசாங்க போர்ட் என்றார்கள். பிறகு டிப்போ டிப்போவாகப் பிரித்துக் கம்பனி என்றார்கள். இப்போது மறுபடியும் போர்ட். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் பெயரை மாற்றி எழுதினார்கள்... நெரிசலை யாரும் மாற்றவில்லை. அந்த நெரிசலுக்கென்றே எழுதாத சட்டம் ஒன்று உண்டு – நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது. ஊர், பாஷை எதுவும் கேட்பதில்லை.

பம்பலப்பிட்டியில் ஏறிய ஒரு பிள்ளை கறுப்புப் பையை நீட்டினாள். இருபது வயதிருக்கும். வழக்கம்போல வாங்கி வைத்துக்கொண்டேன்.

கொள்ளுப்பிட்டி தாண்டும்போது நிமிர்ந்து பார்த்தேன். அவளைக் காணவில்லை.

இறங்கிவிட்டாளா? பை ஏன் இவ்வளவு பாரம்? பஸ்களில் குண்டு வெடிப்பதைப் பேப்பரில் பார்க்கிறோமே... மகள் அந்தப் பையின் ஸிப்பை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

கொண்டக்டரைக் கூப்பிட்டுப் பையைக் காட்டினேன்.

"மகே நெவெய்."

என்னுடையது இல்லை. பயம் வந்தால் எனக்கு வாயில் சிங்களம்தான் வருகிறது.

பஸ் நின்றது. பையை சீட்டில் விட்டுவிட்டு எல்லோரும் இறங்கி ஓடினோம். பொலிஸ் வந்தது. பின்கதவால் இறங்கிய கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள்.

"அக்கா, அது என்ர பை. உங்களிட்டத்தானே தந்தனான்?"

பைக்குள் ஒரு சாப்பாட்டுப் பார்சல், குடை, சான்றிதழ்கள் வைத்த தடித்த ஃபைல். நேர்முகத் தேர்வுக்குப் போகிறாளாம். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அடையாள அட்டையில் கிளிநொச்சி விலாசம் – சண்டை நடக்கும் பக்கம்.

இவளைத் தெரியுமா என்று பொலிஸ்காரர் என்னைக் கேட்டார். பையைத் தந்தது இவள்தான் என்றேன். ஆளைத் தெரியாது என்றும் சொன்னேன். நான் சொன்ன எதிலும் பொய் இல்லை. அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். எங்களை பஸ்ஸில் ஏற்றினார்கள். புதிதாக டிக்கெட் எடுக்கத் தேவையில்லை என்றார் கொண்டக்டர்.

"பிள்ளையோட இருந்தனீர். வேற என்ன செய்யலாம்?" என்றார் அன்றிரவு கணவர்.

சரிதான். உள்ளே வேறு ஏதாவது இருந்திருந்தால் இந்தப் பத்தியை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஆனால் இருந்தது சாப்பாட்டுப் பார்சல்... அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. வீடு திரும்பினாளா? எங்கே போய் விசாரிப்பது? நீங்கள் அவளுக்கு என்ன உறவு என்று கேட்டால் என்ன சொல்வது?

நேற்று எனக்கு இடம் கிடைக்கவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்திருந்த ஒரு பெண் என் பைக்குக் கை நீட்டினார். அவர் மடியிலும் ஒரு குழந்தை.

நான் கொடுக்கவில்லை – அவரும் என்னைப் போல ஒரு அம்மாவாக இருந்துவிட்டால்?