ரெண்டு வீட்டு என்ஜின்

எங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு மனைவிகள், இரண்டு அம்பாசடர் கார்கள். மனைவிகள் இருவரும் அக்கா தங்கை. அக்கா நான். எனக்குக் குழந்தை தங்கவில்லை என்று நானே போய் என் தங்கையைக் கேட்டு அவருக்குக் கட்டிவைத்தேன். அவள் ஒரு பெண் பெற்றாள். அப்புறம் பார்த்தால் எனக்கும் ஒரு பையன் பிறந்தான். கார்களும் அப்படித்தான். முதல் கார் ரொம்பப் பழைய மாடல். அது போதவில்லை என்று கொஞ்சம் புது மாடலாக இன்னொன்று வாங்கினார். கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டைக்கும் திருக்கோவிலூருக்கும் வாடகைக்கு ஓட்டினார். குடும்பமாகப் போகும்போது நான் முன்சீட்டில் உட்காருவேன். அது நீளப் பெஞ்சு, மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ஆனாலும் தங்கை பின்னால்தான் உட்காருவாள். யாரும் சொல்லவில்லை, அப்படியே பழகிப்போனது.

அவர் இறந்தபோதுதான் வினை வந்தது. கருமாதி அன்று பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை கொண்டுவந்து போர்த்த வேண்டும். எங்கள் இருவருக்கும் பிறந்த வீடு ஒன்று, தம்பி ஒருவன். சாவு ஒன்றுதானே என்று அவன் ஒரு புடவைதான் வாங்கிவந்தான். பெரியவள் என்று அதை என்மேல் போர்த்தினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப நான் இன்னா, வேடிக்க பாக்க வந்தவளா?"

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். பழைய கார் என் வாசலில் நின்றுபோனது. மற்றது அடுத்த தெருவில், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்த அவள் வாசலில் நின்றுபோனது. என் வாசல் காரின் பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்தது. குஞ்சுகளோடு ஜன்னல் வழியாக எட்டிப்பார்க்கும். சவாரிக்குக் கிளம்புவதுபோல் இருக்கும் எனக்கு.

இப்போது என் பையன் வழிப் பேத்திக்குக் கல்யாணம். ஊர்வலத்துக்குத் தாத்தா கார்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். என் பையன் மெக்கானிக்கைக் கூட்டிவந்தான். அந்தப் பிள்ளை என்ஜினைப் பிரித்துத் தார்ப்பாயில் பரப்பினான்.

"ஆயா, அடியில பிளாக்கு நல்லா இருக்குது. மேல மூடுற ஹெட்டு தான் விரிசல் உட்டுக்கிச்சி."

"வேற வாங்கிப் போடேன்பா."

"அந்தக் காலத்து ஹெட்டு இனிமே எங்க கெடைக்கும்? சின்னம்மா வூட்டு வண்டியையும் பாத்துட்டுத்தான் வரேன். அதுல பிளாக்கு ஒடஞ்சிபோச்சி, ஹெட்டு நல்லா இருக்குது. ரெண்டையும் சேத்தா ஒரு என்ஜின் ஆவும்."

கார் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன. அவள் என்னை ஒருமுறை அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. வயதாகிவிட்டது. இருவரில் யார் முந்திக்கொள்வோமோ. பையனை அனுப்பினேன். போய் வந்து அவள் சொன்னதை அப்படியே சொன்னான்.

"எடுத்துக்கோ. அது ஒங்கப்பா வண்டி. கொலதெய்வத்துக்குப் பூசை போடப் போறப்ப நானும் வருவேன். ஒங்கம்மாகிட்ட மட்டும் பேச மாட்டேன்."

வருகிறாளே, அதுவே பெரிது.

அவள் வீட்டு ஹெட்டை லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் மட்டம் சீவிவந்தார்கள். வால்வுகளுக்கு ஒரு பசையைத் தடவி, அந்தப் பிள்ளை குச்சியால் உருட்டி உருட்டித் தேய்த்தான். உரலில் மாவு ஆட்டுவதுபோல் சத்தம். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். இரண்டு என்ஜினும் ஒரே குடும்பம்தானாம். ஆனாலும் காலம் வேறு என்பதால் தண்ணீர் ஓடும் துவாரங்கள் கொஞ்சம் விலகியிருந்தன. அரத்தால் ராவிச் சரிசெய்தான். நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முறுக்கினான். ஒரே இடத்தில் முறுக்கினால் கோணிக்கொள்ளுமாம்.

புதிதாகக் கட்டிய வண்டி முதலில் கல்வராயன் மலையில் இருக்கும் குலதெய்வத்துக்குப் போக வேண்டும். பையன் ஓட்டினான். நான் முன்னால். பின்னால் தங்கையும், வழியில் ஏதாவது ஆனால் பார்க்க மெக்கானிக்கும். பொங்கல் வைக்க வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு குடம் எடுத்துக்கொண்டோம். கச்சிராயபாளையம் தாண்டும்வரை தங்கை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

மலை ஏறி நாலு வளைவு போயிருக்காது, முன்னாலிருந்து புகை. பையன் ஓரமாக நிறுத்தி பானட்டைத் தூக்கினான். தண்ணீர் கொதிக்கும் சத்தம். மெக்கானிக் டிக்கியில் சாக்குத் தேடிக்கொண்டிருந்தான். நான் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கையை நீட்டினேன்.

"அக்கா, கை வக்காத. வெந்துடும்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. என்ஜினைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஒன் வூட்டு ஹெட்டு தாண்டி கொதிக்குது."

"நல்லா இருக்குதே நாயம். ஒன் வூட்டு பிளாக்கு மல ஏற முடியாம மூச்சு வாங்குது, பழி என் ஹெட்டு மேலயா?"

"ரெண்டும் இல்ல ஆயா," என்று சாக்கோடு வந்தான் மெக்கானிக். "புதுசா சேந்தது, மொத சூட்டுல கொஞ்சம் தளரும். ஆறட்டும், திரும்ப முறுக்கிடுறேன்."

என்ஜின் ஆறும்வரை பாறைமேல் உட்கார்ந்தோம். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தாள். மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கோடிய இன்னா பண்ண?"

"மேல போத்துனதோட சரி. மடிச்சிப் பொட்டியில வச்சிட்டேன். ஒனக்கு இல்லாதத நான் எப்டி கட்டுறது?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்றே நினைத்தேன்.

"ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதவன பெத்து வச்சிருக்கா நம்ம அம்மா," என்றாள்.

நட்டுகளை முறுக்கியாயிற்று. பொங்கல் தண்ணீரில் பாதி ரேடியேட்டருக்குப் போனது. தெய்வம் கோபித்துக்கொள்ளாது. பையன் வண்டியைக் கிளப்பினான். தங்கை பழையபடி பின்கதவைத் திறந்து ஏறினாள். நான் மறுபக்கம் சுற்றிப்போய் அந்தப் பக்கத்துப் பின்கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எம்மா, முன்னாடி காலியா இருக்குதே," என்றான் பையன்.

பாதிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு மெக்கானிக் முன்னால் உட்கார்ந்து வந்தான்.