டாலிக்கு ஒதுக்கிய மழைத்தண்ணீர்

கன்னமல்லா என்ற வறண்ட ஊரில் குழாயைத் திறந்தால் ஆழ்துளைத் தண்ணீர் சுடச்சுட வரும், கூடவே கூமுட்டை நாற்றமும் வரும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபது வருடமாகப் போர்வை துவைக்கும் நோலீன் அதில்தான் டீ போட்டுக் குடித்தாள். கொல்லையில் சின்னதாக ஒரு தகரத் தொட்டி இருந்தது. மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும்போது அதில் நல்ல தண்ணீர் சேரும். அதன்மேல் அவள் புருஷன் லயல் சாக்பீஸால் கோடு போட்டிருந்தான். கோட்டுக்குக் கீழே இருப்பது டாலிக்கு. தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறியதே அபூர்வம்.

டாலி அவன் வளர்க்கும் மலைப்பாம்பு. ஆறடி.

சக்களத்தி என்று ஒருத்தி வந்தாலாவது முடியைப் பிடித்து உலுக்கலாம். இவளுக்கு முடியும் கிடையாது, திட்டினால் கேட்கக் காதும் கிடையாது. தினமும் காலையில் லயல் அவளுடைய பீங்கான் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, மழைத்தண்ணீர் ஊற்றி, விரலை விட்டுப் பார்த்து, "சில்லுன்னு இருக்காடி கண்ணு?" என்று கேட்பான். நோலீனின் டீயைப் பற்றி ஒரு நாள் கேட்டதில்லை. அவனுக்கென்ன, அவன் குடிப்பது பீர்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குப் பொறுக்கவில்லை. கிண்ணத்தைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஆறவைத்து ஊற்றினாள். வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

சாலை வேலை முடிந்து வந்தவன் நேரே கூண்டுக்குத்தான் போனான். கிண்ணத்தை எடுத்து முகர்ந்தான்.

"இது குழாத் தண்ணி. நாத்தம் கொடலப் புடுங்குது."

"ஆமா. நான்தான் ஊத்தினேன்."

"அது வாயில்லா ஜீவன், நோலீன். பிடிக்கலைன்னா அது எப்படிச் சொல்லும்?"

"எனக்கு வாய் இருக்கே லயல். பதினோரு வருஷமாச் சொல்லிட்டுத்தானே இருக்கேன்."

லயல் கிண்ணத்தையும் கெட்டிலையும் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான். நோலீன் சமையலறை ஜன்னலுக்கு ஓடினாள். அவன் தொட்டியைத் தட்டிப் பார்த்தான். பிறகு சட்டைக் கையால் அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்தான்.

அன்றைக்கு டீயில் நாற்றமே இல்லை. டீ இவ்வளவு ருசியா என்றிருந்தது. ஆனாலும் கடைசி மடக்கு இறங்க மறுத்தது. ஜன்னல் வழியே அவள்தான் பார்த்தாளே. அவன் கிண்ணத்தை முதலில் நிரப்பினான், கெட்டிலை அதற்கப்புறம்.