மகள் சோலோ, அம்மா பேஸ்

போன ஞாயிறு பின்னேரம் எனக்கு மூச்சு முடிந்துபோனது.

பயப்படாதீர்கள், உயிரோடுதான் எழுதுகிறேன். முடிந்தது ஊதுகிற மூச்சு. இடம், இத்தாலியில், பலேர்மோவில் ஒரு கால்பந்து மைதானம். என் தோளில் ஒரு பித்தளை ராட்சதன். எதிரே டேப் ரெக்கார்டருடன் ஒரு நடுவர். அவருக்கும் அப்பால், எனக்கு முதுகு காட்டிக்கொண்டு, என் மகள்.

நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ‘போன கிழமைவரை முருங்கைக்காய்க்கும், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்கும் அலைந்த கதை எழுதிய மனுஷி, எப்போது பாண்ட் வாசிக்கப் போனாள்?’

சொல்கிறேன்.

மகள் தர்ஷினிக்குப் பதினைந்து வயது. இங்கே ஒரு டிரம் கோரில் மெல்லோபோன் ஊதுகிறாள். டிரம் கோர் என்றால் பித்தளைக் குழல்கள், மேளங்கள், கொடிகள்... அவ்வளவுதான். ஒரு இடத்தில் நின்று வாசிக்க மாட்டார்கள். மைதானம் முழுக்கக் கோலம் போடுவதுபோல நடந்துகொண்டே வாசிப்பார்கள். நடுவர்கள் புள்ளி போடுவார்கள். சத்தம் உருண்டு வருகிறதா, சுருதி சேர்கிறதா, ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிறுத்தினார்களா, வரிசை எங்காவது வளைந்ததா... கிட்டத்தட்ட மாமியார் வீடு.

மெல்லோபோன்? ட்ரம்பெட்டுக்குக் கொஞ்சம் சோறு போட்டு வளர்த்தால் வருவது.

பயிற்சி துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு கார் பார்க்கில். சனிக்கிழமைகளில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கீரை ஆய்வேன். ஒருநாள், குழுவை நடத்துகிற மிம்மோ ஒரு பெரிய குழலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கான்ட்ராபேஸ். ஆகக் கீழான சுருதிக்கு, தோளில் வைத்து ஊதுவது. ஊதி வந்த பையன் வடக்கே வேலை கிடைத்துப் போய்விட்டான்.

“சிஞ்ஞோரா, அந்தப் பக்கம் ஒரு கை கொடுங்கள். பெட்டிக்குள் வைக்க வேண்டும்.”

நான் கை கொடுக்கவில்லை. தூக்கித் தோளில் வைத்துவிட்டேன்.

இதில் அதிசயம் என்ன? பொலிதேயாமாவில் நான் வேலை செய்கிற வீட்டில், பக்கவாதம் வந்த சிஞ்ஞோரை, அதாவது வீட்டு ஐயாவை, தினமும் கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றுகிறவள் நான். சிஞ்ஞோர் தொண்ணூறு கிலோ. இது வெறும் பித்தளை. முனகாது, திட்டாது.

மிம்மோ என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஊதித்தான் பாருங்களேன்?”

தூரத்தில் இருந்து தர்ஷினி ஓடி வந்தாள். “அம்மா, வைங்கோ அதை! கே வெர்கோஞ்ஞா!”

என்ன வெட்கக்கேடு என்கிறாள். அதுவரை எனக்கு ஊதுகிற எண்ணமே இல்லை. அந்த ஒரு சொல்தான் ஊதவைத்தது.

முதலில் வந்தது கன்றைத் தேடும் மாட்டின் சத்தம். மிம்மோ சிரிக்கவில்லை. “வாய்க்குள் ‘ஓ’ என்று இடம் விடுங்கள். பிறகு உதடுகள் சேர்ந்து அதிரட்டும்” என்றார். முதலில் ஓ... பிறகு உதடு சேர வேண்டும்... அட, இது நம்முடைய ‘ஓம்’ அல்லவா! யாழ்ப்பாணத்தாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? விடிந்தால் பொழுதுபட்டால், ‘ஆம்’ என்பதற்கு ஓம், ஓம் என்றுதானே காலம் தள்ளுகிறோம்! ‘ஓம்’ என்று நினைத்து ஊதினேன். அடிவயிற்றில் இருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள்... பக்கத்தில் நின்ற காரின் கண்ணாடி அதிர்ந்தது.

மிம்மோ என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்ட விஷயத்தை வீட்டில் சொன்னபோது என் கணவர் சொன்னார்: “நீ குறட்டை விடேக்கையே நினைச்சனான், இந்த மூச்சு வீணாப் போகுதெண்டு.”

மகள் மட்டும் நிபந்தனை போட்டாள். “அங்கை நீங்கள் என்ரை அம்மா இல்லை. என்னோடை கதைக்கப்படாது. சாப்பாட்டுப் பெட்டி கொண்டு வரப்படாது.”

“சரி, பிள்ளை.”

“பிள்ளை எண்டும் சொல்லப்படாது!”

குளிர்காலம் முழுக்க அப்படியே போனது. நான் பினோவுக்குப் பக்கத்தில் நின்றேன். துறைமுகத்தில் சாமான் இறக்குகிற மனிதர், எங்கள் மற்ற கான்ட்ராபேஸ். நீளமாக இழுக்கிற நோட் ஒன்றை ஒருவரால் முழுக்கப் பிடிக்க முடியாது. அவர் மூச்சு எடுக்கும்போது நான் பிடிப்பேன், நான் எடுக்கும்போது அவர் பிடிப்பார். கேட்கிறவருக்கு அறுபடாத ஒரே சத்தம்.

மெதுவான பாட்டு ஒன்றில் தர்ஷினிக்கு சோலோ கிடைத்தது. நல்லாய்த்தான் ஊதுவாள். ஆனால் பயம் வந்தால் உதடு இறுகும், உதடு இறுகினால் சுருதி மேலே ஏறும். மிம்மோ ஒவ்வொரு முறையும் நிறுத்துவார். “பறக்கிறாய்! கீழே கேள். பேஸைக் கேள். சுருதி அங்கேதான் இருக்கிறது.”

கீழே யார்? பினோவும் நானும்.

கசாயம் குடித்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். பாவம், பதினைந்து வயதில் இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? புள்ளி வேண்டுமென்றால் அம்மாவைக் கேட்க வேண்டும்!

போட்டி நாள் வந்தது. பினோ வரவில்லை. நாப்போலிக் கப்பல் பிந்தி வந்ததாம், சாமான் இறக்காமல் அவரை விடமாட்டார்களாம். சோலோவுக்கு அடியில் அந்த நீளமான நோட்டுக்கு இனி நான் மட்டும். நான் மூச்சு எடுக்கிற இடத்தில் பிள்ளையின் காலுக்குக் கீழே நிலம் இருக்காது.

“முடிந்தவரை ஊதுங்கள், சிஞ்ஞோரா” என்றார் மிம்மோ. அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கே அவரைத் தேற்ற வேண்டும்போல் இருந்தது.

பஸ்ஸின் நிழலில் போய் இருந்தேன். அப்போது எல்லோருக்கும் முன்னால், முழுச் சீருடையில், தர்ஷினி வந்தாள்.

“அம்மா.”

நான் குழுவில் சேர்ந்த பிறகு, அங்கே அவள் வாயில் இருந்து வந்த முதல் ‘அம்மா’.

“என்ன பிள்... தர்ஷினி?”

“பிள்ளை எண்டே சொல்லுங்கோ, பரவாயில்லை. நான் மூச்சு எடுக்கிற இடத்திலை நீங்கள் எடுக்கப்படாது. கடைசியிலை நான் மேலை போற நோட் இருக்கெல்லோ? அதைப் பலமா ஊதுவன். அப்ப எடுங்கோ. ஒருத்தருக்கும் கேக்காது.”

“அதுவரைக்கும் எனக்குக் காணுமோ?”

“ஓம், காணும். சிஞ்ஞோரைத் தூக்கேக்கை மூச்சை அடக்கிறனீங்கள்தானே?”

ஒரு லீவு நாளில் என்னோடு அந்த வீட்டுக்கு வந்திருந்தாள். மூலையில் இருந்து போனில் விளையாடிக்கொண்டிருந்ததாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

மைதானத்துக்குள் இறங்கினோம். முதல் பாட்டில் ஒரு கொடி கை தவறி விழுந்தது. பரவாயில்லை. மெதுவான பாட்டு தொடங்கியது. பித்தளைக்குப் புள்ளி போடுகிற நடுவர் தூரத்தில் இருந்து பார்க்கிறவர் அல்ல. எங்களுக்கு நடுவே நடந்துகொண்டே டேப் ரெக்கார்டரில் பேசுகிறவர். நேரே என்னிடம் வந்தார். நின்றார். ஒற்றை பேஸ், அதுவும் ஒரு பெண்... பார்க்கத்தானே செய்வார்?

நெஞ்சு அடித்துக்கொண்டது. அடிக்கிற நெஞ்சு மூச்சைத் தின்னும் என்று அன்றுதான் தெரிந்தது. மேலே போகிற நோட்டுக்கு இன்னும் தூரம். என் அடிவயிற்றில் மூச்சு காலி. சத்தம் நூலாக மெலிந்தது. ஒன்று நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மயங்கி விழ வேண்டும்.

முதுகு காட்டி நின்ற பிள்ளை திரும்பவில்லை. திரும்பினால் புள்ளி போகும். ஆனால், அடக்கி ஊத வேண்டிய நோட்டில், ஒருபோதும் பழகாத இடத்தில், அவளுடைய மெல்லோபோன் விரிந்தது. மெல்ல மெல்ல நிறைந்து மைதானத்தையே மூடியது.

எடுத்தேன் மூச்சு. ஆஹா... அப்படி ஒரு மூச்சை என் வாழ்நாளில் எடுத்ததில்லை!

நான் திரும்பவும் அடியில் போய் நின்றதும், அவள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு என் நோட்டின்மேல் வந்து இறங்கினாள். சுருதி இம்மியும் விலகவில்லை. எனக்குக் கண் கலங்கி, எதிரே நின்ற நடுவர் இரண்டாகத் தெரிந்தார்.

முடிவு? நான்கு குழுக்களில் மூன்றாவது. விழுந்த கொடி, வளைந்த வரிசை... அதெல்லாம் கணக்கில் வரும். ஆனால் பித்தளையில் மட்டும் நாங்கள் இரண்டாவது.

திரும்பும் வழியில், பஸ்ஸில் மிம்மோ நடுவரின் கேசட்டைப் போட்டார். “பேஸ் ஒருவர்தான்... நல்ல உருண்ட சத்தம், கொஞ்சம் மெலிகிறது... இதோ சோலோ... ஆ! எதிர்பாராத இடத்தில் விரிக்கிறாள். அருமையான ரசனை!”

பஸ் முழுக்கக் கைதட்டல். மிம்மோ திரும்பிப் பார்த்தார். “நாம் அப்படிப் பழகவே இல்லையே. யார் சொல்லித்தந்தது?”

“ஒருவரும் இல்லை” என்றாள் தர்ஷினி, தன் சிசிலி இத்தாலியனில். “அம்மா அங்கே செத்துக்கொண்டிருந்தா!”

பஸ் சிரித்துக் குலுங்கியது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே அவள் என் பக்கத்துச் சீட்டுக்கு வந்து, என் தோளில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள். குழல் அழுத்தி நொந்த தோள்தான். நான் அசையவில்லை.

கிழமைதோறும் எழுதுகிற இந்தப் பத்தியில் நான் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன். குவெஸ்தூரா என்கிற போலீஸ் அலுவலகத்தில் வரிசை, வீட்டு வாடகை, மழையில் வராத பஸ்... இந்தக் கிழமை புலம்பல் இல்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளை நம்பி ஒரு குழலைத் தந்த மிம்மோவுக்கு நன்றி. பிந்தி வந்த அந்த நாப்போலிக் கப்பலுக்கும் கோடி நன்றி. பினோ நேரத்துக்கு வந்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காதே!

பிள்ளைகள் நம்மைக் கேட்பதில்லை என்று எல்லா அம்மாக்களும் சொல்கிறோம். சொல்கிற பேச்சைக் கேட்கமாட்டார்கள்தான். ஆனால் நமக்கு மூச்சு முட்டுவது அவர்களுக்குக் கேட்கிறது. எல்லோருக்கும் முந்திக் கேட்கிறது.

திங்கட்கிழமை காலை, “எழும்பு பிள்ளை, அறையை ஒதுக்கு” என்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். அசையவே இல்லை. வீட்டில் புள்ளி போட நடுவர் இல்லையே!