வெள்ளிக்கிழமை விடியும் வரை

வைரம் வாங்குவதில் எங்கப்பாவை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வரவேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருந்தவர்தான், ஆனால் கோயமுத்தூர் நகைக்கடையில் போய் உட்கார்ந்தால் கடைக்காரரே கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார். லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்து, கல்லுக்குள் கரும்புள்ளி உண்டா, கீறல் ஓடுகிறதா என்று பார்ப்பார். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதோடு விடுவாரா? ஒரு வாரம் வீட்டில் வைத்து ராசி பார்ப்பார். தெரிந்தவர்களுக்கு அப்படிக் கொடுத்தனுப்புவது அப்போது வழக்கம். அந்த வாரத்தில் வீட்டில் கெட்டது ஏதாவது நடந்துவிட்டால் கல் கடைக்கே திரும்பிவிடும்.

அம்மாவுக்கு வந்த வைரத்தோடு அப்படித்தான் திரும்பிப் போனது. கிணற்று மோட்டார் புகைந்துவிட்டதாம். மோட்டார் புகைந்ததற்கும் தோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எங்கள் வீட்டில் நாதியில்லை. அத்தைகள் காதிலும் மூக்கிலும் விரலிலும் வைரமாக மின்னுவார்கள். கல்யாண வீடுகளில் அம்மா முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு நிற்பாள்.

நான் நாலாவது படிக்கும்போது ஒற்றைக்கல் மோதிரம் வந்தது. "வர்ற வெள்ளிக்கிழமை விடியிற வரைக்கும் பாக்கலாம் அம்மணி" என்று அப்பாவே போட்டுவிட்டார். அடேயப்பா, அம்மாவுக்கு வந்த மிடுக்கு! தோசைக்கரண்டியைக்கூட மோதிரம் தெரிகிற மாதிரிதான் பிடித்தாள்.

புதன்கிழமையிலிருந்து அந்தக் கையை அடிவயிற்றில் அழுத்தி வைத்தபடியே நடமாடினாள். மோதிரத்தைப் பத்திரப்படுத்துகிறாள் என்று நான் நினைத்தேன். சோறு வேண்டாமென்றாள். விரதமா என்று அப்பா கேட்க, ஆமாங்க என்றாள். வியாழன் சாயங்காலம் அவள் மடியில் படுத்தால் உடம்பு கொதித்தது.

"காய்ச்சலாம்மா?"

"அடுப்பு வெக்கை கண்ணு. சத்தம் போடாத. விடிஞ்சா வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை விடிந்தது. குளித்து, விளக்கேற்றி, அப்பா முன்னால் வந்து நின்றாள். "ஏனுங்க, வாரம் முடிஞ்சுபோச்சுங்க. ஒரு கெட்டதும் நடக்கலீங்க." அப்பாவும் சந்தோஷமாக மோதிரத்துக்குப் பணம் கட்டிவரக் கோயமுத்தூர் கிளம்பச் சட்டையை மாட்டினார். அவர் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் காரில் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். அம்மா அவரைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள்.

"இன்னைக்குத்தானுங்க. வாரம் முடிஞ்ச பொறகுதானுங்க."

எந்த வாரம் என்று டாக்டருக்குப் புரியவில்லை. குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டது, இன்றைக்கு வந்த வலியாக இருக்கவே முடியாது என்று அவர் அப்பாவைத் திட்டினார். மறுநாள் அம்மா போய்விட்டாள். பாவி மகள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

காரியம் முடிந்ததும் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். ராசிகெட்ட கல் என்றார். கடைக்காரர் வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினார். பஸ்ஸில் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கோ அந்தக் கல் தொலைந்தது என்று ஆறுதலாக இருந்தது. நல்லவேளை, அப்பாவை யாராலும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா ஏமாற்றியிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.